கதவுக்குப் பின்னால் வைத்த துண்டு

எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் செய்கிற முதல் காரியம் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுதான். நலம் விசாரிப்பது, உட்காருவது எல்லாம் அதற்குப் பிறகு. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட இதைச் செய்திருக்கிறான். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று நினைத்து, அழுதுகொண்டிருந்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே குனிந்து தேடினார்கள். அன்றைக்கு மனைவி கிள்ளிய கிள்ளு மறுநாள் வரைக்கும் கன்றிப்போய்க் கிடந்தது.

தரைக்கு டைல்ஸ் பதிப்பது அவன் தொழில். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரசமட்டம். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் அவன் ஒரு குட்டி ரசமட்டக் குழாயைச் செருகியிருப்பான். அதற்குள் இருக்கிற காற்றுக்குமிழி நடுவில் நிற்காத எதுவும் அவனுக்கு ஆகாது. மேசை ஆடினால் சாப்பாடு இறங்காது. சுவரில் படம் சாய்ந்திருந்தால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் ஏறாது.

கதவுக்குப் பின்னால் அவன் பார்ப்பது வெட்டுத் துண்டை. எந்த அறையும் கட்டியவர் சொல்கிற மாதிரி சதுரமாக இருப்பதில்லை. ஏதாவது ஒரு சுவர் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும், இல்லை வெளியே போயிருக்கும். முழு டைலாகவே வைத்துக்கொண்டு போனால் எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அந்தத் துண்டை வாசலுக்கு நேராக வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் மிதித்துக்கொண்டே சிரிப்பான். கதவு திறந்து மூடுகிற இடத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மற்றவர்கள் எங்கே தள்ளியிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இவ்வளவு தெரிந்தவன் ஒரு கிடாரிடம் மூக்குடைபட்டான்.

அவனுடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பகலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சனிக்கிழமை சாயங்காலங்களில் டிரம்ஸ் வாசிப்பான். விருந்து மண்டபங்களிலும் அலுவலக விழாக்களிலும் பாடுகிற ஒரு சின்ன இசைக்குழுவுக்கு அவன்தான் தலைவன். இவனுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள், பெட்டி தூக்குகிற ஆள் வரவில்லை என்று, "மாமா, கொஞ்சம் கை குடுங்க" என்றான். கொடுத்த கையை அதற்குப் பிறகு திருப்பி வாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தூக்குவது, ஒயர் இழுப்பது, நிகழ்ச்சி முடிந்து சுருட்டுவது எல்லாம் இவன் பாடு. யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகக் கறுப்புச் சட்டை. உட்காருகிற இடம், திரைச்சீலைக்குப் பின்னால், சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கூடை. வாசிக்கிறவர்களின் முதுகுகளை அவனைப்போல் பார்த்தவர்கள் உலகத்தில் இருக்க மாட்டார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் போய், வெளிச்சத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இது ஒன்றுதான் அவன் ஆசை. இதை மனைவியிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவள் சிரிக்கவில்லை. அதனாலேயே மறுபடி சொல்லப் பயமாக இருந்தது.

குழுவில் கிடார் வாசித்தவர் தடித்த கண்ணாடி போட்டவர். அவரைக் கண்ணாடி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். வேலை மாற்றலாகி இரண்டு மாதத்தில் வேறு ஊருக்குப் போகப் போகிறார் என்ற செய்தி வந்த சாயங்காலம், வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டே இவன் கேட்டான்.

"ஏன் மாப்ள, அந்த எடத்துல நான் உக்காந்தா என்ன?"

"எந்த எடத்துல?"

"கிடாருக்கு."

மச்சினன் ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினான். "மாமா, கிடாரைத் தூக்குறது வேற, வாசிக்கிறது வேற."

"தெரியாமயா கேக்குறேன்? என்ன கத்துக்கணும், அதச் சொல்லு."

"நம்ம இருமல் அக்கா இருக்காங்களே." குழுவின் பாடகியைத்தான் சொன்னான். பகலில் மருந்துக் கடையில் வேலை. பாட்டு எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை இருமாமல் ஆரம்பிக்க மாட்டாள். "அன்னன்னிக்குத் தொண்டை எப்படியோ, அவங்க சுருதியும் அப்படித்தான். ஒருநாள் கீழ எடுப்பாங்க, ஒருநாள் மேல எடுப்பாங்க. பின்னாடி வாசிக்கிறவன் ஓடிப் புடிக்கணும். கிடார்க் கழுத்து முழுக்க ஸ்கேல், அதான் ஸ்வர வரிசை, தெரிஞ்சிருக்கணும். எந்தக் கட்டத்துல விரல வெச்சாலும் அங்கேருந்து மேல போய்க் கீழ வரணும். கையப் பாக்காம."

"அது வந்துட்டா?"

"வந்துட்டா உக்காருங்க. யாரு வேணாங்கறா."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இவன் அதைக் கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரி வாங்கிக்கொண்டான்.

கண்ணாடி தன் பழைய கிடார் ஒன்றைக் கொடுத்தார். மண்டப வாசலிலேயே, பெட்டிமேல் உட்கார்ந்து, சுருதி கூட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். மெல்லிய கம்பி முதலாவது, தடித்தது ஆறாவது. தடித்த கம்பியை ஐந்தாவது கட்டத்தில் அழுத்தினால் வருகிற சத்தம்தான் அடுத்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வர வேண்டிய சத்தம். அதை ஐந்தில் அழுத்தினால் அதற்கடுத்தது.

"அப்படியே போய்க்கிட்டே இருங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும், மூணாவது கம்பிலேருந்து ரெண்டாவதுக்குப் போறப்ப, அஞ்சு இல்ல, நாலாவது கட்டம். அதுக்கப்புறம் திரும்ப அஞ்சு."

"அங்க மட்டும் ஏன் நாலு?"

கண்ணாடி யோசித்துப் பார்த்தார். "அது அப்படித்தான்ணே."

இந்த இடத்தில்தான் கோளாறு ஆரம்பித்தது. வரிசை ஏன் கோணலாகப் போகிறது என்று கேட்டால், அது அப்படித்தான் என்று பதில் சொன்ன எத்தனையோ பேரை, அவரவர் பதித்த டைலைப் பெயர்க்கச் சொல்லியிருக்கிறான். அவன் அகராதியில் அந்தச் சொல்லுக்கு, செய்தவனுக்கு வேலை தெரியவில்லை என்று பொருள்.

கிடாரைக் கொண்டுவந்து குளியலறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் குளியலறைக்குத் தரையும் சுவரும் அவனே பதித்தது. சத்தம் கணீரென்று திரும்பி வரும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கிடாரின் கழுத்தைப் பார்த்தபோது அந்நியமாகவே தெரியவில்லை. குறுகலான நீளமான ஒரு வராந்தா. ஆறு வரிசை. வெள்ளிக் கோடுகள் பிரிக்கிற கட்டங்கள். இதில் ஏழு ஸ்வரமும் எங்கெங்கே விழுகிறது என்று காதால் தேடிக் கண்டுபிடித்து, பேனாவால் புள்ளி வைத்தான். தடித்த கம்பியில் தொடங்கி, கீழே வரவர ஒரு வடிவம் கிடைத்தது. ஒரு வரிசையில் கண்ட வடிவம் அடுத்த வரிசையிலும் அதே ஒழுங்கில் தொடர்ந்தது. அவனுக்குப் புல்லரித்தது. மூன்றாவது கம்பி வரை வந்தான். இரண்டாவது கம்பியில் எல்லாம் ஒரு கட்டம் விலகிப் போயிற்று.

மறுபடி மேலிருந்து வந்தான். மறுபடி விலகல். நாலு வரிசை நூல் பிடித்த மாதிரி வந்து, ஐந்தாவது வரிசை தடுமாறி விழுந்ததுபோல. வேறொருவனுக்கு அது ஒன்றுமே இல்லை. அவனுக்கோ பல்லில் நார் மாட்டிய மாதிரி இருந்தது. சோறு தின்னும்போதும் அதே நினைப்பு. எழுந்து போய்ப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக இருந்தவனை மனைவி ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். இந்தக் கிடார் பழசு. கண்ணாடி இதன் கோளாறுக்குத் தக்கபடி நாலு என்று வைத்துச் சமாளித்திருக்கிறார். அதையே பழக்கமாக்கிக்கொண்டு எனக்கும் சொல்கிறார். இப்படி முடிவு கட்டிக்கொண்டு, இரண்டாவது கம்பியையும் ஐந்தாவது கட்டத்துக்கே ஏற்றினான். அதற்குத் தக்கபடி முதல் கம்பியையும் ஏற்றினான். இப்போது ஆறு வரிசையும் ஒரே சீர். ஒரே வடிவம், மேலிருந்து கீழ்வரை, எந்த மூலையில் ஆரம்பித்தாலும். இறுக்கம் தாங்காமல் முதல் கம்பி இரண்டு தடவை அறுந்தது. "ரொம்ப இழுக்குறீங்களோ?" என்று கம்பி விற்ற கடைக்காரர் கேட்டார். "கம்பி சரியில்லீங்க" என்றான்.

மற்றவர்கள் வருடக்கணக்கில் திணறுகிற விஷயம் அவனுக்குச் சில வாரங்களில் கைக்கு வந்ததற்கு இதுதான் காரணம். ஒரு டைலைப் பதிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு மண்டபத்தையே பதிக்கத் தெரியும் அல்லவா, அந்த மாதிரி. சத்தமும் சுத்தமாக இருந்தது. ஸ்வரம் ஒன்றும் பிசகவில்லை. தனியாக ஸ்கேல் வாசிக்கிறவரைக்கும் அந்தச் சுருதி யாரையும் காட்டிக்கொடுக்காது. கார்ட் பிடிப்பதை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரே மீட்டில் ஒலிக்கச் செய்வதை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தான். முதலில் தரை, பிறகு சாமான்.

கை மட்டும் ஓய மறுத்தது. தொலைக்காட்சி பார்க்கும்போது மனைவியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவன் விரல்கள் ஏறி இறங்கின. அவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பலர் கையை நீட்டுவதைப் பார்த்துச் சலித்தவள்.

"என் கையில அஞ்சாவது கட்டம் எங்க இருக்கு?" என்றாள்.

"வளையலுக்குக் கொஞ்சம் மேல."

"அங்க அழுத்தாதீங்க. ஏற்கெனவே வலிக்குது."

வேலை செய்கிற இடத்திலும் அதே கதை. பல் டாக்டர் ஒருவரின் புது கிளினிக்குக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலவை போடுகிற கூட்டாளிக்குப் பெயர் வாளி. பதித்து முடித்த பக்கத்தில் நின்றுகொண்டு இவன் கால் விரலால் ஒரு டைலிலிருந்து இன்னொரு டைலுக்குத் தாவுவதை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எறும்பு கடிக்குதா?"

"ஸ்கேல் வாசிக்கிறேன்."

"கால்லயா?"

"கையில பூச்சுக் கரணை இருக்கே."

"அப்ப சரி. வாயில கிடார் வெச்சுக்க, மூக்கால பாடு" என்று வாளி கலவையைக் கிளறப் போனான். சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்த இவன், காலையில் பதித்து இன்னும் பிடிக்காத டைலில் காலை வைத்துவிட்டான். அது ஒரு ஓரமாக அமிழ்ந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி ஒதுங்கிப்போய் நின்றது. இத்தனை வருடத்தில் தான் பதித்ததைத் தானே மிதித்துக் கெடுத்தது அதுதான் முதல் தடவை. வாளி கொஞ்சம் புதுக் கலவையைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அது திட்டுவதைவிட அதிகமாக உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்பதாக ஏற்பாடு. டயர் கடைக்கு மேலே ஒரு அறையில்தான் குழு ஒத்திகை பார்க்கும். சுவரெல்லாம் முட்டை அட்டைகள் ஒட்டியிருக்கும். ரப்பர் வாசனை படியேறி வரும். வழக்கமாகப் பெட்டியோடு ஏறுகிறவன் அன்று வெறுங்கையோடு ஏறினான். கை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையிலிருந்த ரசமட்டத்தையே உருட்டிக்கொண்டிருந்தான். மச்சினன் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தான். இருமல் சுவரோரம் நாற்காலியில். கண்ணாடி தன் மின்சாரக் கிடாரை இவன் தோளில் மாட்டிவிட்டார்.

"ஆரம்பிங்க மாமா. எங்கேருந்து வேணா."

ஏழாவது கட்டத்தில் ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஆறாவது கம்பி, ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது. தண்ணீர் ஓடுகிற மாதிரி வந்தது. இரண்டாவது கம்பிக்கு வந்ததும் சத்தம் இறங்கிப் புளித்துப்போயிற்று. கண்ணைத் திறந்தான். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது.

"இது இறங்கியிருக்கு" என்றான்.

"எது?" என்றார் கண்ணாடி.

"ரெண்டாவது கம்பி. முதல் கம்பியும். ரெண்டும் இறங்கியிருக்கு."

"இப்பதானே சுருதி பார்த்தேன்."

"நீங்க எப்பவும் கொஞ்சம் இறக்கித்தான் வெக்கிறீங்க. நான் கவனிச்சிருக்கேன்." அவனுக்கே தன் குரல் வேலைக்கு வந்த புதியவனைத் திருத்துகிற மேஸ்திரியின் குரலாகக் கேட்டது. இரண்டு கம்பிகளையும் முறுக்கி ஏற்றினான். கண்ணாடி கையை நீட்டினார். மச்சினன், "விடுங்க, வாசிக்கட்டும்" என்றான்.

பிறகு அவன் வாசித்ததை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. கழுத்தின் அடியிலிருந்து நுனி வரை, நடுவில் எங்கே நிறுத்தச் சொன்னாலும் அங்கிருந்து திரும்பி, வேகம் கூட்டி, வேகம் குறைத்து, கையைப் பார்க்காமல். மச்சினனின் புருவம் ஏறியது. இருமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடம் பெட்டி தூக்கிய தோள் அப்போது லேசாக இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வந்தாயிற்று என்றே நினைத்தான்.

"கைய எங்கேருந்துண்ணே வாங்கினீங்க?" என்றார் கண்ணாடி. மனசாரத்தான் சொன்னார். "சரி, முதல் பாட்டு எப்படி எடுக்கணும்னு காட்டறேன். குடுங்க." கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழக்கமான கார்ட் ஒன்றை அழுத்தி, ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டினார்.

தட்டுமுட்டுச் சாமான் பரணிலிருந்து சரிந்ததுபோல் ஒரு சத்தம். இருமல் இருமுவதற்கு வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டாள். கண்ணாடி விரலைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். இன்னொரு கார்ட் பிடித்தார். அது அதைவிட மோசம்.

"அண்ணே, ரெண்டாவது கம்பிய எந்தக் கட்டத்துக்கு ஏத்துனீங்க?"

"அஞ்சு."

"நாலுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க." சட்டைப் பையிலிருந்த ரசமட்டத்தைத் தொட்டுக்கொண்டான். "நீங்க தப்பா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அப்புறம் இருமல் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்; அது இருமலாக வெளியே வந்தது. அதைப் பார்த்து மச்சினன் சிரித்தான். கண்ணாடியும்.

"கிடார் கண்டுபிடிச்சவனையே பெயர்த்து வெக்கச் சொல்லிட்டீங்க மாமா" என்றான் மச்சினன்.

இவனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று சிரித்தது. முகத்தில் ஈயாடவில்லை. "இந்தச் சுருதியிலயே வெச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"தனியா வாசிச்சா வெச்சுக்கலாம்ணே" என்றார் கண்ணாடி. "ஆனா அவங்க பாடறப்ப பின்னாடி முழுக்கக் கார்ட்தான். இதுல கை எட்டாது."

மச்சினன் குச்சியால் தொடையில் தட்டிக்கொண்டே, "பாக்கலாம் மாமா" என்றான்.

அந்தக் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இசைக்கருவிக் கடையில் கிடார் விற்கிற ஒருவனை மச்சினன் அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறான் என்பது மனைவி வாயிலாக அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் கிடார் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் துணி போர்த்திக் கிடந்தது. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல்கள் தன்னால் எதையாவது தேடிப்போகும். நினைவு வந்ததும் மடக்கிக்கொள்வான். கடைவீதியில் நடந்தால் கடைப் பலகைகளின் கோணல் கண்ணில் குத்தியது. சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தான். மனைவி அவன் தட்டை மூடி வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் பார்க்காத முகமா.

புதன்கிழமை, அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி புதிதாகக் குடிபோன வீட்டுக்கு இருவரும் போனார்கள். மாடியில் மூன்றாவது வீடு. உள்ளே போனதும் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். கொடுத்ததைக் குடித்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். கிளம்பி வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, கதவுக்குப் பின்னாடி பாக்கலையா?"

"ம்?"

"நான் கிள்ளறதுக்குக் கைய ரெடியா வெச்சிருந்தேன். நீங்க பாக்கவே இல்ல."

"மறந்துட்டேன்."

"நீங்க மறக்குற ஆளா." பேருந்து வருகிறதா என்று பார்ப்பதுபோல் தெருக்கோடியைப் பார்த்தாள். "தம்பி சொன்னான். எல்லாத்தையும் சொன்னான். சிரிச்சிக்கிட்டே சொன்னான், அதனால போனை வெச்சுட்டேன்."

இவன் பையிலிருந்து பேருந்துக்குச் சில்லறை எடுத்தான்.

"எனக்கு கிடாரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நம்ம வீட்டு சமையலறை போடறப்ப நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா? எல்லாமே முழுசா வைங்க, துண்டு வேணாம்னேன். நீங்க என்னைப் பாத்து சிரிச்சீங்க. எந்த ரூமும் நேரா இருக்காதுடி, துண்டு இல்லாம தரையே கிடையாது, எங்க வெக்கிறோங்கறதுதான் வேலைன்னு பெரிய பிரசங்கமே பண்ணீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"ரூமெல்லாம் கோணலா இருக்கலாம். கிடார் மட்டும் உங்களுக்காக நேரா இருக்கணுமா?"

பேருந்து வந்தது. ஏறியபிறகு அவன் ஜன்னல் கம்பியில் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டே வந்தான். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்; சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிடாரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். இரண்டாவது கம்பியை நாலாவது கட்டத்துக்கே இறக்கி, அதற்குத் தக்கபடி முதல் கம்பியையும் இறக்கினான். ஸ்கேல் வாசிக்கவில்லை. ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்தி, கண்ணாடியின் விரல்கள் அன்றைக்கு விழுந்த இடங்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி வைத்தான். மூன்று விரல்களும் வலிக்காமல், ஒன்றையொன்று மிதிக்காமல், பக்கம் பக்கமாக உட்கார்ந்தன. மீட்டினான். குளியலறைச் சுவர்கள் அந்தச் சத்தத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தன. பிறகு கம்பிகளை மறுபடி ஏற்றி அதே கார்டைத் தேடினான். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அப்படியும் ஒரு விரல் போதவில்லை.

வெட்டு இருக்கிறது. எவனோ ஒருவன், வேலை தெரிந்தவன், கை எப்படி விழும் என்று பார்த்து அதற்குத் தக்க இடத்தில் வெட்டியிருக்கிறான். மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். நான் அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, தரை நேராகிவிட்டது என்று ஆடியிருக்கிறேன். இப்படி நினைத்தபோது அவமானம் வந்தது. கூடவே, நல்ல வேலைக்காரன் ஒருவனின் தரையில் நிற்கும்போது வருகிற மரியாதையும் வந்தது.

புரிந்துகொள்வது ஒரு சாயங்கால வேலை. விரலுக்குப் புரியவைப்பது அப்படியில்லை. வாரக்கணக்கில் அது நேராக ஓடிப் பழகிவிட்டது. மூன்றாவது கம்பி முடிந்ததும், அது தன்பாட்டுக்கு ஒரு கட்டம் முன்னாலேயே போய் விழும். அவன் பிடித்து இழுத்து வைப்பான். அடுத்த தடவையும் அங்கேயே போகும். சுவருக்குச் சொல்கிற மாதிரி விரலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கிளினிக்கில் டைல் இடுக்குகளில் கிரவுட் கலவை பூசும்போது வாளியிடம் சொன்னான்: "பழைய டைலைப் பெயர்த்துட்டுப் புதுசு போடறதுதான் கஷ்டம்டா. அடிக் கலவை விடமாட்டேங்குது."

"உளியால தட்டு" என்றான் வாளி.

"விரலையா?"

"நீ எதப் பேசறேன்னு எனக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

சனிக்கிழமைகளில் வழக்கமாகப் பள்ளிக்கூட வேன் ஓடாது. ஆனால் அன்று ஏதோ தேர்வு. மத்தியானம் மச்சினன் பள்ளிக்கூட மதிலோரம் நிழலில் வேனை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிடாரோடு வந்து நின்ற மாமாவைப் பார்த்ததும் புரையேறியது.

"மாமா, இங்க எதுக்கு? நாளைக்கு அந்தக் கடைக்காரரை வரச் சொல்லிட்டேன், அக்கா சொல்லலையா?"

"சொன்னா. நீ சாப்பிடு." பிள்ளைகள் உட்காருகிற குட்டை இருக்கையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சாப்பிட்டுக்கிட்டே கேளு."

ஏழாவது கட்டத்தில் ஆரம்பித்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மதில்மேல் ஒட்டிக் கிழிந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். ஆறு, ஐந்து, நான்கு, மூன்று. அடுத்த கம்பிக்குப் போகும்போது விரல் ஒரு கட்டம் எட்டிப்போய் விழுந்தது. வழுக்கல் தரையில் தெரிந்த இடத்தைத் தாண்டுகிற மாதிரி. கீழே வந்தான், மேலே போனான். நடுவில் ஒருமுறை பழைய இடத்திலேயே விழுந்து சத்தம் இறங்கிற்று. நிறுத்தவில்லை. திருப்பி வந்து அதே இடத்தைச் சரியாகத் தாண்டினான். கழுத்தின் நுனிக்குப் போய், அங்கிருந்து இறங்கி, ஐந்தாவது கட்டத்தில் விரலைக் குறுக்கே போட்டு ஒரு கார்ட் மீட்டினான். அடுத்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. மூன்றுதான் தெரியும். மூன்றையும் மாற்றி மாற்றி மீட்டினான்.

மச்சினன் வாயில் இருந்ததை மெல்வதை எப்போது நிறுத்தினான் என்று தெரியாது. ஆனால் கரண்டி டப்பா மூடியில் தட்ட ஆரம்பித்திருந்தது. முதலில் மெதுவாக, தெரியாமல் நடப்பது மாதிரி. பிறகு இடது கை வேனின் தகரத்தில் சேர்ந்துகொண்டது. இவன் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. தாளம் போடுகிற கையை மச்சினனாலேயே நிறுத்த முடியாது என்பது இந்த மாமாவுக்கு எத்தனையோ வருடமாகத் தெரியும். அதை நம்பித்தான் வந்திருந்தான்.

முடிந்தபோது மச்சினன் மூடியைப் பார்த்தான். நெளிந்திருந்தது.

"ரெண்டாவது கம்பிக்குப் போறப்ப ஒரு சின்னத் தயக்கம் இருக்கு மாமா."

"இருக்கும். அங்கதான் வெட்டு."

"அது மத்தவங்களுக்குத் தெரியக் கூடாது."

"தெரியாத மாதிரி கதவுக்குப் பின்னாடி தள்ளிடுவேன். கொஞ்ச நாள் குடு."

மச்சினன் டப்பாவை மூடப் பார்த்தான், மூடி பொருந்தவில்லை. அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கார்ட் மூணு பத்தாது."

"தெரியும்."

"நாளைக்கு அந்தக் கடைக்காரரை வர வேணாம்னு சொல்ல முடியாது. வரட்டும். அவரையும் கேக்கணும்."

"கேளு."

"முதல் பாட்டு அவர் வாசிக்கட்டும். ரெண்டாவது பாட்டு நீங்க. இருமல் அக்கா யாரு வாசிக்கிறப்ப இருமாம எடுக்கறாங்களோ, அவருக்குத்தான் எடம்."

பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டது. இவன் குட்டை இருக்கையிலிருந்து எழ முயன்று, முழங்கால் மாட்டிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து எழுந்தான்.

"மாமா," என்றான் மச்சினன். "இன்னிக்குச் சாயங்காலம் நிகழ்ச்சி இருக்கு. நீங்க மேடைக்கு ஏறினா அப்புறம் பெட்டிய யாரு தூக்குறது? இப்பவே சொல்லிடுங்க."

"நான்தான் தூக்குவேன். வேற யாரு தூக்கினாலும் கோணலா வெப்பாங்க."

கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. நின்று, அதன் பின்னால் எட்டிப் பார்த்தான். சிமெண்டுத் தரை, பார்க்க ஒன்றுமில்லை. அவன் இடது கை மட்டும் தோள் வாரில் ஏறி, மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு, ஒரு கட்டம் எட்டி, ஒரு கட்டம் எட்டி, போய்க்கொண்டே இருந்தது.